ஏஞ்சல் மீனுக்கு ஒரு கண்ணு வீங்கிருக்கு, பேனர் மீனுக்கு ரெண்டு கண்ணும் வெள்ளை: ரெண்டும் ஒரே வியாதியா டாக்டர்?

திருப்பூர் பக்கத்துல இருந்து ஒரு வாசகர் நாலு பக்கத்துக்கு லெட்டர் போட்டிருக்காரு. யாருன்னு தெரியக்கூடாதுன்னு சில விவரத்தை மாத்திட்டேன், மீன் சம்பந்தப்பட்டது எதையும் மாத்தல. வயசு 36, பனியன் கம்பெனில வேலை. ஹால்ல நாலடி கடல் மீன் டேங்க், கீழ ஃபில்டர் இருக்கற சம்ப் தொட்டியோட சேத்து 300 லிட்டர், ரெண்டு வருஷமா பிரச்சனை இல்லாம ஓடிட்டிருக்கு. ரெண்டு க்ளவுன், ஒரு டாமினோ டாம்சல், ஒரு க்ளீனர் ஷ்ரிம்ப், நாலஞ்சு நத்தை, இவ்ளோதான் குடும்பம். மூணு வாரம் முன்னாடி சென்னை கொளத்தூர் போய் ஒரு கடைல எம்பரர் ஏஞ்சல் குட்டி ஒண்ணு வாங்கி, ராத்திரி பஸ்ல மடியிலயே வச்சுகிட்டு வந்திருக்காரு. கருநீலத்துல வெள்ளை வளையம் வளையமா இருக்கும்ல, அதைப் பாத்துட்டு எட்டு வயசு பொண்ணு "வளையல்"னு பேர் வச்சிருச்சு.

வந்த ரெண்டாவது நாள் காலைல வளையலோட இடது கண்ணு வீங்கி வெளிய தள்ளிருக்கு. பத்து நாள் கழிச்சு "துணைக்கு" ஒரு பேனர் ஃபிஷ் வாங்கி நேரா டேங்க்ல விட்டிருக்காரு. ஒரு வாரத்துல அதுக்கு ரெண்டு கண்ணும் பால் ஊத்தின மாதிரி ஆகி, உடம்பை பாறைல தேய்க்குது, தலையை தலையை ஆட்டுது, சரியா சாப்பிடல. கடைக்காரர் கிட்ட போன்ல கேட்டு மூணு ஸ்பூன் எப்சம் சால்ட், அப்புறம் டேங்க் நீலமாகிற வரைக்கும் மெத்திலீன் ப்ளூ, அதுக்கும் மேல ஒரு காப்பர் மருந்து. மறுநாள் ஷ்ரிம்ப் செத்து கெடந்துச்சு, நத்தை எல்லாம் மல்லாந்து விழுந்துருச்சு. இப்ப கையில மனுஷங்களுக்கு விடற சிப்ரோ கண்ணு ட்ராப்ஸ் வச்சிருக்காரு. ஃப்ரெண்ட் ஒருத்தர் வேற, வீங்கின கண்ணை சின்ன ஊசியால குத்தி தண்ணிய எடுத்துட்டா சரியாயிடும்னு சொல்லிருக்காராம்.

கேள்வி அஞ்சு. இது ரெண்டும் ஒரே வியாதியா, மத்த மீனுக்கும் ஒட்டிக்குமா? பிடிச்சு ட்ராப்ஸ் விடலாமா? ஊசி? கடைக்காரர் கிட்ட காசு திருப்பி கேக்க முடியுமா? கண்ணு போயிருச்சுன்னா அதை வச்சு கஷ்டப்படுத்தாம கிராம்பு எண்ணெய் போட்டு முடிச்சிடறது நல்லதா?

தம்பி, முதல்ல அந்த ட்ராப்ஸ் பாட்டிலை கீழ வைங்க. ஊசியை உங்க ஃப்ரெண்ட் கிட்டயே திருப்பி குடுத்துருங்க. இன்னிக்கு ராத்திரி நீங்க எதுவுமே பண்ணாம இருந்தா கூட வளையல் செத்துராது, ஆனா பதட்டத்துல இன்னும் ரெண்டு மருந்து ஊத்தினீங்கன்னா என்ன ஆகும்னு என்னால உத்தரவாதம் சொல்ல முடியாது. உங்க லெட்டரை ரெண்டு தடவை படிச்சேன். டேங்க்ல இருக்கறது ஒரு வியாதி இல்ல, ரெண்டு தனித்தனி சமாச்சாரம், ஒண்ணுக்கு மருந்தே தேவையில்லாம இருக்கலாம், இன்னொண்ணுக்கு நீங்க இதுவரைக்கும் போட்ட மூணுமே மருந்து இல்ல. இதான் என்னோட கணிப்பு, ஏன்னு சொல்றேன்.

கண்ணு வீங்கறதுங்கறது ஒரு வியாதியோட பேர் இல்லங்க. நமக்கு காய்ச்சல் மாதிரி அது ஒரு அடையாளம். மீனுக்கு இமை கெடையாது, நம்மள மாதிரி சட்டுன்னு மூடிக்க முடியாது, கண்ணோட முன்பக்கம் எப்பவும் திறந்தே கெடக்கும், இடிச்சாலும் உரசினாலும் அதுதான் முதல்ல வாங்கும். கண்ணுக்குப் பின்னாடி பொடிப்பொடி ரத்தக்குழாய் நெருக்கமா ஒரு கொத்து இருக்கு, கண்ணுக்கு ஆக்ஸிஜன் கொண்டு போறதே அதோட வேலை, அங்க அடி பட்டு நீர் கோத்தாலோ, கிருமி போய் உக்காந்தாலோ, காத்துக் குமிழி சேந்தாலோ, மூணுக்குமே வெளிய தெரியறது ஒண்ணுதான், கண்ணு முட்டிகிட்டு வந்துரும். அதனால வீக்கத்தை மட்டும் பாத்து மருந்து முடிவு பண்ண முடியாது. நான் யார் போன் பண்ணாலும் கேக்கற முதல் கேள்வி "எத்தனை கண்ணு?" அப்படிங்கறதுதான். ஒரு கண்ணு மட்டும்னா பெரும்பாலும் அடி. ரெண்டும்னா உடம்புக்குள்ள ஏதோ ஓடுது, இல்ல ஒட்டுண்ணி, இல்ல தண்ணில கோளாறு. இது நூத்துக்கு நூறு சரியான விதி இல்ல, ஆனா எந்தப் பக்கம் தேடணும்னு காட்டிரும்.

வளையலுக்கு என்ன ஆச்சு

உங்க லெட்டர்லயே பதில் இருக்கு, நீங்க கவனிக்கல அவ்ளோதான். "கடைல அரை மணி நேரம் வலை வச்சு துரத்தி பிடிச்சாங்க"ன்னு முதல் பக்கத்துல எழுதிருக்கீங்க. மூணாவது பக்கத்துல போற போக்குல "டாமினோ புதுசா வர்றவங்கள கொஞ்சம் விரட்டும், ரெண்டு நாள்ல சரியாயிடும்"னு ஒரு வரி. முதல் நாள் ராத்திரி லைட் ஆஃப் பண்ணப்புறம் டேங்க்ல "டொம்"னு சத்தம் கேட்டுச்சுன்னும் எழுதிருக்கீங்க. டாமினோ டாம்சல் குட்டியா இருக்கறப்ப பொட்டு வச்ச மாதிரி அழகா இருக்கும், வளந்துச்சுன்னா அந்த நாலடி டேங்க் முழுக்க அதோட ரேஷன் கார்டுல இருக்கற வீடு மாதிரி நடந்துக்கும். ரெண்டு வருஷமா அங்க பட்டா போட்டு உக்காந்திருக்கறவன் புதுசா வந்த ஏஞ்சலை இருட்டுல துரத்திருக்கான், அது பாறைல போய் மோதிருக்கு. ஒரே கண்ணு, வந்து ரெண்டாவது நாளு, மத்தபடி நல்லா சாப்பிடுது, சுறுசுறுப்பா இருக்கு. அடி பட்ட கண்ணுதான் இது.

ஒண்ணே ஒண்ணு மட்டும் செக் பண்ணிருங்க. ஹால் லைட்டை அணைச்சிட்டு ஒரு டார்ச்சை டேங்க் கண்ணாடிக்கு பக்கவாட்டுல இருந்து அடிச்சு அந்தக் கண்ணைப் பாருங்க. உள்ள வெள்ளி மாதிரி மினுக்குன்னு ஒரு காத்துக் குமிழி நிக்குதா? நின்னுச்சுன்னா தண்ணில காத்து அளவுக்கு மேல கரைஞ்சு போயிருக்கு, சம்ப்ல தண்ணி மட்டம் இறங்கி மோட்டார் காத்தையும் சேத்து உறிஞ்சுதா, இல்ல மோட்டாருக்கு உள்ள வர்ற பைப் ஜாயிண்ட்ல எங்கயாச்சும் பொடி ஓட்டை இருக்கான்னு பாக்கணும். டேங்க் தண்ணியே தூசி பறக்கற மாதிரி பொடிப்பொடி குமிழியா தெரியும். அங்க மோட்டாரை சரி பண்றதுதான் வைத்தியத்தோட முதல் படி. குமிழி எதுவும் இல்லன்னா நான் சொன்ன அடிதான்.

அடி பட்ட கண்ணுக்கு நான் எழுதற சீட்டு ரொம்ப சின்னது. பிடிக்காதீங்க. தண்ணிய சுத்தமா வைங்க. நல்லா சாப்பாடு போடுங்க. டாமினோவை அடக்குங்க, அதாவது அதை பிடிச்சு வேற டேங்குக்கோ வேற வீட்டுக்கோ அனுப்பிடுங்க, இல்லன்னா ஓட்டை போட்ட ப்ளாஸ்டிக் டப்பால ரெண்டு வாரம் சம்ப்புக்குள்ள உள்ளிருப்பு. சாப்பாட்டுல இறால் மட்டும் நறுக்கி போட்டுட்டு விட்டுடாதீங்க, எம்பரர் ஏஞ்சல் கடல்ல பஞ்சுயிரியும் பாசியும் மேய்ஞ்சு வளர்ற மீன், நோரி ஷீட்டை, அதாவது காஞ்ச கடல்பாசித் தாளை, க்ளிப்ல மாட்டி விடுங்க, ஸ்பைருலினா கலந்த சாப்பாடு குடுங்க, வாரத்துல ரெண்டு மூணு நாள் மீனுக்கான விட்டமின் சொட்டு விட்டு ஊற வச்சு போடுங்க. வீக்கம் வடிய ரெண்டு வாரமும் ஆகலாம், ஆறு வாரமும் ஆகலாம். தினம் ஸ்கேல் வச்சு பாக்காம வாரத்துக்கு ஒரு ஃபோட்டோ ஒரே கோணத்துல எடுத்து வைங்க, போதும்.

எப்ப பயப்படணும்னா, வீக்கம் நாளுக்கு நாள் கூடுது, கண்ணுக்குள்ள ரத்தம் கட்டுது, வெள்ளையா பஞ்சு மாதிரி ஏதாச்சும் மேல படருது, சாப்பாட்டை நிறுத்திடுச்சு, இல்ல அடுத்த கண்ணும் வீங்க ஆரம்பிச்சிருச்சு. இதுல ஒண்ணு வந்தாலும் கிருமி உள்ள போயிருச்சுன்னு அர்த்தம் பண்ணிக்கலாம், அப்ப தனி டேங்குக்கு மாத்தி ஆன்டிபயாடிக் ஆரம்பிக்கணும், அதுவும் ஒரு மீன் டாக்டர் பாத்து சொன்னப்புறம். மெயின் டேங்க்ல ஆன்டிபயாடிக் போடவே போடாதீங்க, உங்க அமோனியாவை தின்னுட்டு இருக்கற நல்ல பாக்டீரியாவையும் அது சேத்து காலி பண்ணும்.

ட்ராப்ஸ் விடறதைப் பத்தி கேட்டீங்க. நான் படிச்சு முடிச்ச புதுசுல, ஒருத்தர் வீட்டு க்ரூப்பர் மீனுக்கு இதே மாதிரி ஒரு கண்ணு. பெரிய டாக்டர்னு நினைப்புல தினம் ரெண்டு வேளை வலைல பிடிச்சு, ஈரத்துணில சுத்தி, ட்ராப்ஸ் விட்டு அனுப்பினேன். ஆறாவது நாள் கண்ணு நல்லா வடிஞ்சிருந்துச்சு. ஏழாவது நாள் மீன் செத்துருச்சு. வலையும் துணியும் உரசின இடமெல்லாம் உடம்பு வழுவழுப்பு போய் புண்ணாகி, அதுல கிருமி ஏறி போயிருச்சு. கண்ணுல விட்ட மருந்து தண்ணிக்குள்ள போன அடுத்த நொடியே கழுவிட்டு போயிரும், பிடிச்ச பிடி மட்டும்தான் மிச்சம். மயக்க மருந்து குடுத்து, கண்ணுல சாயம் போட்டு புண்ணு எங்கன்னு பச்சையா ஒளிருதான்னு பாத்து, சதைல மூணு நாளைக்கு ஒரு தடவை ஊசி போடற முறை எல்லாம் இருக்கு, அது டாக்டர் பண்றது, வீட்ல பண்றதில்ல. குத்தி தண்ணி எடுக்கறது எந்தக் கணக்குலயும் வராது. குத்தினா கண்ணு சுருங்கி போறதுதான் மிச்சம், அந்த ஓட்டை வழியா கிருமிக்கு நேர் ரோடு.

பேனருக்கு வேற கதை

ரெண்டு கண்ணும் வெள்ளை, வீக்கம் இல்ல. உடம்பை தேய்க்குது. தலையை ஆட்டுது. புதுசா வாங்கி தனியா வைக்காம நேரா உள்ள விட்டது. இதை எல்லாம் சேத்து பாத்தா எனக்கு முதல்ல தோணறது ஒட்டுண்ணிப் புழு, ஃப்ளூக்னு சொல்லுவாங்க, அதுலயும் நியோபெனடீனியாங்கற வகை. பேனர், பட்டர்ஃப்ளை, ஏஞ்சல் இந்த மாதிரி தட்டை மீனுங்க மேல அதுக்கு அப்படி ஒரு ஆசை.

வேற எதா இருந்தா எப்படி இருக்கும்னு பாத்துருவோம். அமோனியா ஏறி கண்ணு வெளுத்திருந்தா க்ளவுனுக்கும் டாமினோவுக்கும் கொஞ்சமாவது தெரியணும், அவங்க கண்ணு பளிச்சுன்னு இருக்குன்னு நீங்களே எழுதிருக்கீங்க. இக், அதாவது வெள்ளைப்புள்ளி நோய்னு கடைக்காரர் சொன்னதா எழுதிருக்கீங்களே, அது உப்பு தூவின மாதிரி தனித்தனி வெள்ளைப் பொட்டா துடுப்புல தெரியும், கண்ணு முழுக்க மூடி ஆடை கட்டாது. வெல்வெட்ங்கற இன்னொரு ஒட்டுண்ணி நோயா இருந்தா மூச்சு வாங்கி ரெண்டு மூணு நாள்லயே கதை முடிஞ்சிருக்கும், உங்க பேனர் ஒரு வாரம் தாண்டிருச்சு. கண்புரையான்னா, அது கண்ணுக்கு உள்ள ஆழத்துல முத்து மாதிரி வெள்ளையா நிக்கும், டார்ச்சை பக்கவாட்டுல அடிச்சா மேல்தோல் தெளிவா இருந்து உள்ள மட்டும் வெள்ளை தெரியும். உங்களோடது மேலயே படிஞ்ச வெள்ளை.

இந்தப் புழு கண்ணாடி மாதிரி இருக்கும், மீன் மேல இருக்கறப்ப எவ்ளோ உத்துப் பாத்தாலும் தெரியாது. பின்பக்கத்துல வட்டமா ஒரு பிடிப்பான், அதுல கொக்கி, அதை வச்சு ஒட்டிகிட்டு மேல்தோலை சுரண்டி தின்னும். கண்ணுக்கு மேல உக்காந்துச்சுன்னா கண்ணோட தோலும் தோலுதானே அதுக்கு. சுரண்டின புண்ணுதான் உங்களுக்கு பால் ஊத்தின மாதிரி தெரியறது.

தெரியாத புழுவை தெரிய வைக்க ஒரு வழி இருக்கு. பாவம் ரொம்ப சுலபமானது, அதனாலயே கடைல யாரும் சொல்ல மாட்டாங்க, விக்க ஒண்ணும் இல்ல பாருங்க.

வாளி டெஸ்ட்

கருப்பு வாளி ஒண்ணு எடுங்க, சோப்பு படாதது. கருப்பு இல்லன்னா அடில கருப்பு கவர் விரிச்சுக்கலாம். தண்ணி உங்க வீட்டு குழாய்த் தண்ணி வேண்டாம், க்ளோரின் இருக்கும், 20 லிட்டர் வாட்டர் கேன் வாங்குவீங்கல்ல அந்த ஆர்ஓ தண்ணி ஒரு பத்து லிட்டர். ஏர் ஸ்டோன் போட்டு அரை மணி நேரம் ஓட விடுங்க. டேங்க் சூடும் வாளி சூடும் ஒரே டிகிரில இருக்கணும், தெர்மாமீட்டர் வச்சு பாருங்க, கையை விட்டு "ஏறக்குறைய சரி"ன்னு சொல்லாதீங்க. ஆர்ஓ தண்ணில பிஹெச் கம்மியா இருக்கும், ஆப்ப சோடா கால் டீஸ்பூன் போட்டு கலக்கி டெஸ்ட் கிட்ல பாருங்க, 8.2 கிட்ட வர்ற வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா.

பேனரை ராத்திரி லைட் அணைச்சு ஒரு மணி நேரம் கழிச்சு பிடிங்க, தூக்கக் கலக்கத்துல இருக்கும். வலை வேண்டாம், ஏற்கெனவே புண்ணான கண்ணை வலை இன்னும் கீறும், ஒரு பெரிய ப்ளாஸ்டிக் டப்பாவை தண்ணிக்குள்ளயே சாய்ச்சு மெதுவா அதுக்குள்ள ஓட்டி எடுங்க. வாளில விட்டதும் பதறாதீங்க. சில மீன் அப்படியே சாஞ்சு அடில படுத்துக்கும், நாடகம் போடற மாதிரி இருக்கும், செவுள் அசையுதான்னு மட்டும் பாருங்க. துள்ளி எகிறி வாளில முட்டிகிட்டே இருந்துச்சுன்னா உடனே எடுத்துடுங்க. இல்லன்னா அஞ்சு நிமிஷம், போன்ல டைமர் வச்சுக்குங்க.

ரெண்டாவது மூணாவது நிமிஷத்துல நடக்கறதைப் பாக்கணும் நீங்க. மீனோட உடம்புல அதுவரைக்கும் இல்லாத வெள்ளைப் புள்ளிங்க திடீர்னு தெரிய ஆரம்பிக்கும், நல்ல தண்ணி உள்ள ஏறி புழு உப்பி வெளுத்துரும். கண்ணு மேல இருக்கறது முதல்ல தெரியும். அப்புறம் ஒவ்வொண்ணா கழண்டு எள்ளு மாதிரி வாளி அடில விழும். பொண்ணையும் பக்கத்துல நிறுத்திக்குங்க, டார்ச் பிடிக்கட்டும்.

எள்ளு விழுந்துச்சுன்னா என் கணிப்பு சரி. ஒண்ணுமே விழலன்னா கண்ணு வெள்ளைக்கு வேற காரணம் தேடணும், எனக்கு ஃபோட்டோவோட மறுபடி எழுதுங்க, நீங்களா மருந்து ஆரம்பிக்காதீங்க. எப்படி இருந்தாலும் வாளித் தண்ணிய டேங்க்ல ஊத்தக்கூடாது, வாளி, டப்பா எல்லாத்தையும் நல்ல தண்ணில கழுவி வெயில்ல நல்லா காய வைங்க.

ஊத்தின மருந்தை முதல்ல வெளிய எடுக்கணும்

இதை கண்டிக்கறதுக்காக சொல்லல, உங்க ஷ்ரிம்ப் ஏன் செத்துச்சுன்னு நீங்க கேக்காமலே விட்டதுல உங்களுக்கு உள்ளுக்குள்ள சந்தேகம் இருக்குன்னு தெரியுது. ஆமாங்க, காப்பர்தான். முதுகெலும்பு இல்லாத ஜீவனுங்களுக்கு காப்பர் விஷம். இக்குக்கும் வெல்வெட்டுக்கும் அது நல்ல மருந்துதான், ஆனா தனி டேங்க்ல, டெஸ்ட் கிட்ல அளந்து அளந்து போடறது, மூடியில அளந்து மெயின் டேங்க்ல ஊத்தறதில்ல. பாறையும் மணலும் அதை உறிஞ்சி வச்சுகிட்டு அப்புறம் மெதுவா விடும், அதனால டெஸ்ட் கிட்ல பூஜ்யம்னு வந்து சில வாரம் அப்படியே நிக்கற வரைக்கும் புது ஷ்ரிம்ப், நத்தை வாங்காதீங்க.

மெத்திலீன் ப்ளூவும் மெயின் டேங்குக்கு ஆகாது, அமோனியா தின்னற பாக்டீரியாவை அடிக்கும். நல்ல தண்ணி டேங்க்ல அமோனியா கொஞ்சம் ஏறினா மீன் சமாளிச்சுக்கும், கடல் தண்ணில பிஹெச் 8.2ங்கறதால அதே அமோனியால விஷமான பங்கு ரொம்ப கூட. அதனால இன்னிக்கே அமோனியா டெஸ்ட் பண்ணுங்க, கால்வாசி தண்ணி மாத்துங்க, புது ஆக்டிவேட்டட் கார்பன் போட்டு ரெண்டு மூணு நாள் ஓட விடுங்க, தண்ணி நீலம் போகும். காப்பருக்குன்னு தனியா உறிஞ்சற பொருள் கடைல கிடைக்கும், அதையும் போடுங்க. மாத்தற தண்ணியோட உப்பு அளவு 1.025 இருக்கணும், ஆடற முள்ளு வச்ச ப்ளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரை நம்பாம ரிஃப்ராக்டோமீட்டர்ல பாருங்க.

பேதி உப்பு, அதாவது எப்சம் சால்ட், அதுக்கு மட்டும் நான் சிரிச்சேன். நீங்க போட்டதால எந்தக் கெடுதலும் இல்ல, நல்லதும் இல்ல. அது நல்ல தண்ணி மீனுக்கு சொல்ற வைத்தியம், அங்க மீனோட உடம்புக்குள்ள தண்ணி ஏறிகிட்டே இருக்கும், உப்பு அதை கொஞ்சம் இழுக்கும். கடல் மீனுக்கு நிலைமையே தலைகீழ், உடம்புத் தண்ணிய கடல் இழுத்துகிட்டே இருக்கு, அது தண்ணி குடிச்சு குடிச்சு ஈடு கட்டுது. கடல் தண்ணில லிட்டருக்கு கிட்டத்தட்ட 1300 மில்லிகிராம் மெக்னீசியம் ஏற்கெனவே இருக்கு. உங்க மூணு ஸ்பூன் உப்பு அந்த டேங்க்ல லிட்டருக்கு 20 மில்லிகிராம் கூட ஏத்திருக்காது. கடல்ல பெருங்காயம் கரைச்ச கதை.

எள்ளு விழுந்தா மாத்திரை

வாளில புழு விழுந்தா பேனருக்கு மட்டும் வைத்தியம் பத்தாது, டேங்க்ல முட்டை இருக்கு. முட்டைல நூல் மாதிரி வால் இருக்கும், பாறை, வலை, ஃபில்டர் எதுலயும் சிக்கிக்கும், நம்ம ஊர் சூட்டுக்கு ஒரு வாரத்துக்குள்ளயே பொரிக்கும். வளையலும் அதே தண்ணிலதான் இருக்கு, அதுவும் ஏஞ்சல், அது மேலயும் புழு ஏறாம இருக்க வாய்ப்பு கம்மி. நல்ல சேதி என்னன்னா இதுக்கான மருந்தை டேங்க்லயே போடலாம், வளையலை பிடிக்க வேண்டியதே இல்ல.

மருந்து பேரு ப்ராசிகுவான்டெல். லிட்டருக்கு 2.5 மில்லிகிராம். உங்க 300 லிட்டர்ல பாறை, மணல், மேல விட்ட இடம் எல்லாம் கழிச்சா தண்ணி சுமார் 240 லிட்டர் நிக்கும், ஆக 600 மில்லிகிராம். மீனுக்குன்னே வர்ற சுத்தமான பவுடர் கிடைச்சா அதுதான் நல்லது, மாத்திரைல மருந்தோட சேந்து வேற மாவும் இருக்கும். பக்கத்துல இருக்கற கால்நடை டாக்டர் கிட்ட மீனுக்குன்னு சொல்லி சீட்டு எழுதி வாங்கிக்குங்க. சுலபமா கரையாது, நைசா பொடி பண்ணி மூடி போட்ட பாட்டில்ல டேங்க் தண்ணியோட நல்லா குலுக்கி ஊத்தணும். கார்பனை எடுத்துடணும், இல்லன்னா மருந்தை அதுவே குடிச்சிரும். அழுக்கை நுரையா எடுக்கற ஸ்கிம்மர், யுவி விளக்கு ரெண்டும் இருந்தா ஆஃப், அதுக்கு பதிலா ஏர் ஸ்டோன் ரெண்டு கூட போட்டு நல்லா காத்து குடுங்க, இதை மட்டும் மறந்துடாதீங்க, கோடை சூட்டுல தண்ணில ஆக்ஸிஜன் ஏற்கெனவே கம்மி. மருந்து முட்டையை ஒண்ணும் பண்ணாது, அதனால ஆறேழு நாள் கழிச்சு பொரிச்சு வந்த குஞ்சுக்கு ரெண்டாவது தடவை, இன்னொரு வாரம் விட்டு மூணாவது. நடு நடுவுல கால்வாசி தண்ணி மாத்துங்க. முதல் டோஸ்லயே பேனர் தேய்க்கறதை நிறுத்திரும், அதைப் பாத்துட்டு "சரியாயிடுச்சு"ன்னு விட்டுட்டு மூணு வாரத்துல மறுபடி எனக்கு எழுதறவங்க நிறைய பேர், நீங்க அந்த லிஸ்ட்ல சேராதீங்க.

புழு போனா கண்ணு வெள்ளை தானா தெளியும், ரெண்டு மூணு வாரம் ஆகும். தெளியாம மஞ்சளா, குழியா போச்சுன்னா புண்ணுல கிருமி ஏறிருக்கு. அப்ப 50, 60 லிட்டர் ப்ளாஸ்டிக் டப், ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒளிஞ்சுக்க ஒரு பிவிசி எல்போ, இவ்ளோதான் ஆஸ்பத்திரி. தூத்துக்குடி, பொன்னேரி ரெண்டு இடத்துலயும் மீன்வளக் கல்லூரி இருக்கு, மீன் நோய் பாக்கற பேராசிரியருங்க இருக்காங்க, நேர்ல போக முடியலன்னாலும் போன்ல கேளுங்க, கூச்சப்படாதீங்க. அந்த டப்பை தூக்கிப் போட்டுடாதீங்க, அடுத்து எந்த மீன் வாங்கினாலும் நாலு வாரம் அதுலதான் இருக்கணும். "துணைக்கு"ன்னு வாங்கினாலும் சரி.

கடைக்காரர் கிட்ட காசு

2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டப்படி புகார் குடுக்கற உரிமை உங்களுக்கு இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா கைல பில் இல்லன்னு எழுதிருக்கீங்க. பில் இருந்தாலும், ஏஞ்சலோட கண்ணு உங்க டேங்க்ல, உங்க டாமினோ கிட்ட பட்ட அடியா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், அதை அவர் தலைல கட்டறது நியாயம் இல்ல. பேனர் வேணா புழுவோடயே வந்திருக்கலாம், வாளில விழுந்ததை வீடியோ எடுத்து அனுப்பி பேசிப் பாருங்க, அடுத்த மீன்ல கழிச்சுக்கறேன்னு சொன்னா சந்தோஷமா வாங்கிக்குங்க. அதை விட்டுட்டு கேஸ் அது இதுன்னு போனா மீன் விலையை விட பஸ் செலவு கூட ஆகும்.

அதே கடைல "இயற்கையா இருக்கும்"னு பவளத் துண்டு தர்றேன்னு சொன்னதா ஒரு வரி எழுதிருக்கீங்க. அதை மட்டும் வாங்கிடாதீங்க. நம்ம கடல்ல எடுத்த பவளம் 1972 வன உயிரின பாதுகாப்பு சட்டத்துல முதல் அட்டவணைல இருக்கு, புலிக்கு இருக்கற அதே அட்டவணை. விக்கறவர் மட்டும் இல்ல, வச்சிருக்கறவரும் மாட்டுவாரு.

கண்ணு போனா?

வீக்கம் வடிஞ்சப்புறம் வளையலுக்கு அந்தக் கண்ணுல பார்வை இருக்குமான்னு இப்ப சொல்ல முடியாது. நிறைய மீனுக்கு முழுசா திரும்புது, சிலதுக்கு கண்ணு இருக்கும் பார்வை இருக்காது, ரொம்ப கொஞ்சத்துக்கு கண்ணு சுருங்கி தோல் மூடிரும். ஆனா ஒத்தக் கண்ணு மீனை கொல்றதுக்கு அது காரணமே இல்ல தம்பி. ஒத்தக் கண்ணோட வருஷக்கணக்கா நல்லா வாழற மீனுங்களை நானே பாத்திருக்கேன். கனடால வான்கூவர் அக்வேரியத்துல கண்ணு போன ஒரு ராக்ஃபிஷ்ஷுக்கு டாக்டருங்க செயற்கைக் கண்ணே வச்சாங்க, அது பாக்கறதுக்காக இல்ல, கண்ணு இல்லாத பக்கமா வந்து மத்த மீனுங்க அதை வம்பிழுத்துச்சுங்க, கண்ணு இருக்கற மாதிரி தெரிஞ்சா பயப்படும்ல, அதுக்காக. உங்க வீட்டுக்கு அவ்ளோ தேவையில்ல, டாமினோவை அனுப்பினா போதும். கிராம்பு எண்ணெய் பேச்சு, ரெண்டு கண்ணும் போய், சாப்பிடறதை நிறுத்தி, உடம்பு வத்தி, எதுக்கும் மசியலங்கற நிலைமைல மட்டும்தான், அப்பவும் அளவு என்னன்னு கேட்டுட்டு.

லெட்டரோட கடைசில உங்க பொண்ணு தன் கையெழுத்துல ஒரு கேள்வி எழுதிருக்கு, "வளையல் என்னைய பாக்குமா?"ன்னு. அதுக்கு தனியா பதில். பாக்கும் செல்லம், ஆனா இப்போதைக்கு வலது கண்ணாலதான். அதனால நோரி க்ளிப்பை அதோட வலது பக்கமா கொண்டு போய் மாட்டு, இடது பக்கமா திடீர்னு கையை விட்டா திடுக்கிட்டு பாறைல இடிச்சுக்கும். அப்பா வாளி டெஸ்ட் பண்றப்ப எத்தனை எள்ளு விழுந்துச்சுன்னு எண்ணி எனக்கு எழுதி அனுப்பு.